பெஞ்சு இருக்கிறது, எழுந்திருக்க முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

பூங்கா, ஏரிக்கரை, பேருந்து நிறுத்தம் போன்ற பொது இடங்களில் உள்ள பெஞ்சுகளுக்குச் சாய்மானம் உண்டா, கைப்பிடி உண்டா என்னும் விவரங்களைப் பொதுமக்களே ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற திறந்த வரைபடத்தில் பதிவு செய்துவருவது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். வீட்டு வாசலைத் தாண்டினாலே ஏற்றமோ இறக்கமோ வந்துவிடுகிற மாவட்டம் அது. அங்கிருந்து இத்தனை கடிதங்கள் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

*குன்னூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: எனக்கு வயது 71. இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. சிம்ஸ் பூங்கா எங்கே இருக்கிறது என்று கைபேசி ஏற்கனவே காட்டுகிறது. பூங்கா என்றால் பெஞ்சு இருக்கும் என்பதும் ஊரறிந்த விஷயம். அப்படியிருக்க, ஒவ்வொரு பெஞ்சையும் தனித்தனியாகக் குறித்து வைப்பதால் என் போன்றவர்களுக்கு என்ன பயன்?*

அம்மா, உங்கள் கேள்விக்கு என் தாயாரின் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மலைக்கு வந்திருந்த அவரை ஒரு பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். வெட்டிய மரத்தடியைப் போலச் சிமென்டில் செய்து, பட்டை வரிகள்கூடத் தெரியும்படி பழுப்பு வண்ணம் பூசிய பெஞ்சு ஒன்று அங்கே இருந்தது. பார்வைக்கு மிக அழகானது. அம்மா அதில் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் பனிமூட்டம் இறங்கியதும் கிளம்பலாம் என்று எழ முயன்றார், முடியவில்லை. சாய்மானமும் இல்லை, பிடித்து ஊன்றிக்கொள்ளக் கைப்பிடியும் இல்லை. உட்காருமிடமோ முழங்காலைவிட மிகவும் தாழ்வாக இருந்தது. ஒரு பக்கம் நானும், மறுபக்கம் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளும் தோளைப் பிடித்துத்தான் அவரைத் தூக்கி நிறுத்தினோம். “இனிமே எங்கயும் உக்கார மாட்டேன்டா, நின்னுக்கிட்டே பாத்துக்கறேன்” என்று சொன்னவர், அன்று மாலை வரையிலும் அப்படியே இருந்தார். கால் வலித்த நேரத்தில் மரத்தில் சாய்ந்து நின்றாரே தவிர, வழியில் வந்த வேறு எந்தப் பெஞ்சிலும் அவர் உட்காரவில்லை. அவற்றில் சில அவருக்கு நன்றாகவே பொருந்தியிருக்கக்கூடும். ஆனால் எது பொருந்தும் என்று முன்கூட்டியே அறிய எங்களுக்கு வழி இருக்கவில்லை.

அடுத்த முறை போனபோது தையல்காரர் வைத்திருப்பது போன்ற ஓர் அளவு நாடாவைச் சட்டைப் பையில் எடுத்துப் போய் அந்தப் பெஞ்சை அளந்தேன். 36 செ.மீ. உயரம். வயதானவர்களுக்கும் உடற்குறைபாடு உள்ளவர்களுக்கும் பொருத்தமான இருக்கையின் உயரம் பொதுவாக 45 முதல் 50 செ.மீ. வரை என்று கொள்வார்கள். இருக்கை தாழத் தாழ, எழும்போது முழங்கால் அதிகமாக மடங்குகிறது. தொடைத் தசையின் மீது சுமை கூடுகிறது. கைப்பிடி இருந்தால் அந்தச் சுமையில் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்கின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தாழ்ந்த நாற்காலியில் உட்கார வேண்டாம் என்று உங்கள் மருத்துவரும் சொல்லியிருப்பார்.

நம் பழைய பெருவழிகளின் ஓரத்தில் இன்றும் அங்கங்கே நிற்கும் சுமைதாங்கிக் கல்லை நினைத்துப் பாருங்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியாக வருகிற ஒருவர், இறக்கிவைக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் இன்னோர் ஆளை எதிர்பார்க்காமல் இருக்கும்படி அதன் உயரம் அமைந்திருக்கும். அந்த உயரம் தவறினால் அது வெறும் கல். பெஞ்சின் கதையும் அதுதான். உங்களுக்குத் தேவை ‘பூங்காவில் பெஞ்சு உண்டு’ என்ற செய்தி அன்று. ஆள் உதவி இல்லாமல் நீங்கள் உட்கார்ந்து எழக்கூடிய பெஞ்சு, நுழைவாயிலிலிருந்து எவ்வளவு தொலைவில், எந்தப் பாதையின் ஓரத்தில் இருக்கிறது என்பதே.

தொலைவும் சின்ன விஷயம் இல்லை. பிரிட்டன் அரசின் போக்குவரத்துத் துறை வெளியிட்ட வழிகாட்டி ஒன்று, கைத்தடி ஊன்றி நடப்பவருக்கு 50 மீட்டருக்கு ஒருமுறையும், தடியில்லாமல் சிரமப்பட்டு நடப்பவருக்கு 100 மீட்டருக்கு ஒருமுறையும் இளைப்பாறும் இடம் தேவைப்படலாம் என்கிறது. மலைச்சரிவில் 50 மீட்டர் என்பது சமதளத்து 50 மீட்டரைவிட எவ்வளவோ நீளமானது என்பதைக் குன்னூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1874-இல் அமைக்கப்பட்ட சிம்ஸ் பூங்காவும், அதற்கும் முன்பே 1848-இல் தொட்டபெட்டா சரிவில் உருவான உதகை தாவரவியல் பூங்காவும் மேலும் கீழுமாக அமைந்த பூங்காக்கள். இறங்கும்போது தெரியாத தொலைவு ஏறும்போது தெரியும். ஏறுகிற வழியில் எங்கே உட்காரலாம் என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டு புறப்பட முடிந்தால், ‘நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்’ என்று வீட்டில் தங்கிவிடுகிற பெரியவர்களில் பலர் வெளியே வருவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

*உதகையிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர்: நானும் நண்பர்களும் இதைச் செய்ய விரும்புகிறோம். எந்தக் கருவி வேண்டும்? எவற்றையெல்லாம் குறிக்க வேண்டும்?*

கைபேசியும் கால்களும் போதும். அளவு நாடா ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. விக்கிப்பீடியாவைப் போலவே, கணக்குத் தொடங்கிய எவரும் அதில் சேர்க்கலாம், திருத்தலாம். ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ செயலியில் ஆரம்பியுங்கள். ஏற்கனவே வரைபடத்தில் உள்ள பெஞ்சின் அருகே நீங்கள் நிற்கும்போது, இதற்குச் சாய்மானம் இருக்கிறதா என்று அதுவே உங்களிடம் கேட்கும். பார்த்துவிட்டுப் பதிலைத் தொட வேண்டியதுதான். வரைபடத்தில் இல்லாத பெஞ்சைப் புதிதாகச் சேர்க்க ‘எவ்ரிடோர்’ செயலி வசதியானது. அது ஐபோனிலும் இயங்கும்.

குறிக்க வேண்டியவற்றில் சாய்மானமும் கைப்பிடியும் முதலிடம் பெறுகின்றன. எத்தனை பேர் உட்காரலாம், எதனால் செய்தது, மேலே கூரை உண்டா என்பவை அடுத்து வரும். எதனால் செய்தது என்பதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். சமவெளியில் அது அழகு சம்பந்தப்பட்ட விவரமாக இருக்கலாம். உதகையில் அது உடம்பு சம்பந்தப்பட்டது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்த காலையில் கல் பெஞ்சிலோ இரும்புப் பெஞ்சிலோ மூட்டுவலிக்காரர் ஒருவரை உட்காரச் சொல்ல முடியாது. மரப்பலகை என்றால் உட்கார்ந்துவிடுவார். அதேபோல, உட்கார்ந்தவர் எந்தத் திசையைப் பார்ப்பார் என்பதைப் பாகைக் கணக்கில் எழுதவும் ஓர் இடம் உண்டு: வடக்கு 0, கிழக்கு 90, இப்படி. காட்சி எந்தப் பக்கம் தெரியும் என்பதற்காகப் பலரும் இதைப் பார்ப்பார்கள். ஆனால் குளிரில் நடுங்கும் ஒரு பெரியவருக்குக் கிழக்கு பார்த்த பெஞ்சு என்றால் காலை வெயில் முகத்திலும் மார்பிலும் படும் பெஞ்சு என்று பொருள்.

இரண்டு எச்சரிக்கைகள். கூகுள் மேப்ஸ் போன்ற தனியார் வரைபடங்களைப் பார்த்து எதையும் நகலெடுக்கக் கூடாது. அவை பதிப்புரிமைக்கு உட்பட்டவை. நேரில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். அடுத்து, அடர்ந்த மரங்களின் கீழும் பள்ளத்தாக்கின் ஓரத்திலும் கைபேசி காட்டும் இடம் பல மீட்டர்கள் விலகிப்போகும். சரிவில் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து செல்வதால், அந்தச் சில மீட்டர்ப் பிழையில் மேல் பாதையின் பெஞ்சு கீழ்ப் பாதைக்கு வந்துவிடும். நடுவே 30 படிகள் இருக்கலாம். படியேற முடியாதவர் அந்தப் பெஞ்சை நம்பிப் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே புள்ளியை வைத்ததும், அது சரியான பாதையின் சரியான பக்கத்தில் விழுந்திருக்கிறதா என்று கையால் நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘கைப்பிடி இல்லை’ என்பதும் ஒரு தகவல்தான். ஆர்வமாகத் தொடங்குகிறவர்கள் நல்ல பெஞ்சுகளை மட்டும் முழு விவரத்தோடு எழுதிவிட்டு, மற்றவற்றைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். எழுதாமல் விட்டால், அங்கே கைப்பிடி இல்லையா, அல்லது யாரும் பார்க்கவில்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது. ‘இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தால் ஒருவர் வீண் நடையிலிருந்து தப்புவார்.

*கோத்தகிரியிலிருந்து சக்கர நாற்காலியில் செல்லும் வாசகர் ஒருவர்: என் இருக்கை எப்போதும் என்னோடுதான் இருக்கிறது. பெஞ்சுக் கணக்கால் எனக்கு ஆகப்போவது என்ன?*

நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் பெரும்பாலும் யாரோடாவது போகிறீர்கள் அல்லவா? உங்கள் மனைவியோ நண்பரோ பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நீங்கள் பாதையின் நடுவில், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நகர்ந்து இடம்விட்டுக்கொண்டு இருப்பது எப்படிப்பட்ட பேச்சுத்துணை? பெஞ்சின் பக்கவாட்டில் அதே மட்டத்தில், சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்குக் கெட்டியான சமதளம் இருந்தால் இருவரும் தோளோடு தோள் சேர்ந்து இருக்கலாம். அப்படி இடம் இருக்கிறதா என்பதையும் பெஞ்சின் விவரத்தில் எழுத முடியும். பல இடங்களில் பெஞ்சை உயர்த்திக் கட்டிய மேடையின் நட்டநடுவில் வைத்துவிடுகிறார்கள். மேடை அரை அடி உயரம்தான், ஆனால் உங்களுக்கு அது சுவர்.

பெஞ்சைவிட உங்களுக்கு முதன்மையானது பாதை. தரை தார் போட்டதா, கருங்கல் பாவியதா, சரளையா, சரிவு எவ்வளவு, படிகள் எத்தனை, படியோரம் கைப்பிடிக் கம்பி உண்டா என்பவற்றுக்கெல்லாம் அதே வரைபடத்தில் தனித்தனி இடங்கள் இருக்கின்றன. பெர்லினில் 2010-இல் தொடங்கிய ‘வீல்மேப்’ என்ற தளம் இதே வரைபடத் தரவைக் கொண்டுதான் ஓர் இடத்துக்குச் சக்கர நாற்காலி போகுமா என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்டுகிறது. உலகெங்கும் உள்ளவர்கள் அதில் பதிவு செய்கிறார்கள். கோத்தகிரியின் எந்தப் பாதை உங்களுக்குப் பச்சை, எது சிவப்பு என்பதை உங்களைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. நடக்கிற எங்களுக்கு ‘லேசான சரிவு’ என்று தோன்றுவது உங்கள் தோள்களுக்கு வேறாகத் தோன்றும். முடிந்தால் அந்த மாணவர்களோடு ஒரு நாள் நீங்களும் செல்லுங்கள்.

*வெலிங்டன் பகுதியிலிருந்து ஒரு வாசகர்: இப்படி வரைபடம் தயாரிப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? எங்கள் பகுதியில் படம் எடுத்தாலே கேள்வி வருகிறது.*

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவிசார் தரவு வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் வரைபடத் தரவு சேகரிப்பதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டைப் பெருமளவு நீக்கிவிட்டன. பொதுப் பூங்காவின் பெஞ்சைக் குறிப்பதில் தடை ஏதும் இல்லை. ஆனால் உங்கள் பகுதி ராணுவப் பகுதி. அருகே அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருக்கிறது. அத்தகைய வளாகங்களின் உள்ளேயும் சுற்றியும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். வனத்துறையின் எல்லைக்குள்ளும் அனுமதியின்றிப் போகக் கூடாது. நகராட்சிச் சாலையும் பூங்காவும் பேருந்து நிறுத்தமும் போதிய அளவு வேலை வைத்திருக்கின்றன.

*கூடலூர் அருகே ஒரு கிராமத்திலிருந்து குடும்பத் தலைவி ஒருவர்: எங்கள் ஊரில் பூங்கா இல்லை, பெஞ்சும் இல்லை. பேருந்துக்காக நிற்கிற இடத்தில் பாலத்துக் கட்டைச்சுவரில்தான் உட்காருகிறோம். அதைக் குறிக்கலாமா?*

சகோதரி, வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான். கட்டைச்சுவரைப் பெஞ்சு என்று குறிக்க வேண்டாம். அதை நம்பி வருகிற ஒருவருக்கு அது ஆபத்தாக முடியலாம். மேலும், உங்கள் ஊரில் பெஞ்சு இருப்பதாகக் கணக்கு ஏறிவிடும். ஆனால் வரைபடத்தில் பேருந்து நிறுத்தத்தைக் குறிக்கும்போது, அங்கே பெஞ்சு உண்டா, நிழற்குடை உண்டா என்று எழுதத் தனித்தனி இடம் இருக்கிறது. நிறுத்தத்தைக் குறியுங்கள், பெஞ்சு: இல்லை, நிழற்குடை: இல்லை என்று எழுதுங்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தைத்தான் அதிகமாக நனைக்கிறது. கைக்குழந்தையோடும், மருத்துவமனைக்குப் போகிற பெரியவர்களோடும் அந்த மழையில் நின்று பேருந்துக்குக் காத்திருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். பூங்காப் பெஞ்சில் உட்காருகிறவருக்கு அது ஓய்வு. உங்கள் ஊரில் பெஞ்சு இல்லாததால் ஒரு பாட்டி மருத்துவமனைக்குப் போவதையே தள்ளிப்போடக்கூடும். இந்தப் பணியில் ஈடுபடும் இளைஞர்கள் உதகையோடும் குன்னூரோடும் நின்றுவிடாமல், பேருந்து போகிற ஒவ்வோர் ஊரின் நிறுத்தத்தையும் பார்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னைக் கேட்டால், பூங்காக்களுக்கு முன்பே நிறுத்தங்களைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

*குன்னூரிலிருந்து வணிகர் ஒருவர்: யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் தவறான தகவலும் ஏறும். அதை எப்படி நம்புவது?*

ஏறத்தான் செய்யும். ஆனால் எந்தத் திருத்தத்தை எந்தக் கணக்கிலிருந்து எப்போது செய்தார்கள் என்ற வரலாறு அழியாமல் இருக்கும்; தவறைக் கண்டவர் உடனே மாற்றலாம். எனக்குப் பெரிய கவலை பொய்யான தகவலைப் பற்றியது அன்று, பழைய தகவலைப் பற்றியது. மழையில் மண் சரிந்து பெஞ்சு சாய்ந்துபோகிறது. சீசனுக்கு முன் பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். பலகை உளுத்து நடுவில் ஒன்று காணாமல் போகிறது. கடைசியாகப் பார்த்த தேதியை எழுதவும் வரைபடத்தில் இடம் உண்டு. மே மாத மலர்க் கண்காட்சிக்கு முன் ஒருமுறையும், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறையும் சுற்றிவந்து தேதியைப் புதுப்பித்தால், படிப்பவருக்கு எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

*உதகையிலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்: குறித்து முடித்த பிறகு என்ன? அதிகாரிகள் இதைப் பார்ப்பார்களா?*

ஐயா, தானாக யாரும் பார்க்க மாட்டார்கள். நாம்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொது இடங்களும் வசதிகளும் அனைவரும் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் பரிந்துரையாக மட்டும் இருந்தால் போதாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் சட்டத்தின் பெயரைச் சொல்லி, ‘பெஞ்சுகள் சரியில்லை’ என்று பொதுவாக எழுதுகிற மனுவுக்கு, ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பொதுவான பதிலே வரும். அரசு அலுவலகத்தில் பணியாற்றிய உங்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்.

வரைபடத்தில் பதிவான விவரங்களை ‘ஓவர்பாஸ் டர்போ’ என்ற இணையக் கருவியில் கேட்டு வாங்கலாம். குறிப்பிட்ட எல்லைக்குள் கைப்பிடி இல்லாத பெஞ்சுகள் எவை, பெஞ்சே இல்லாத பேருந்து நிறுத்தங்கள் எவை என்று கேட்டால் புள்ளிகளாகக் காட்டும். பட்டியலாக இறக்கிக்கொள்ளவும் முடியும். தரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுடையது என்று குறிப்பிட்டால் போதும், கட்டணம் கிடையாது. உதகை தாவரவியல் பூங்காவும் சிம்ஸ் பூங்காவும் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பு. நகரச் சாலையோரம் என்றால் நகராட்சி. எது யாருடைய பொறுப்பு என்று பிரித்து, இன்ன பாதையில், இந்த இடத்தில் உள்ள இத்தனை பெஞ்சுகளுக்குக் கைப்பிடி பொருத்த வேண்டும் என்று வரைபடத்தோடு எழுதிக்கொடுங்கள். இருக்கிற பெஞ்சை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்ல வேண்டாம். சிமென்ட் பெஞ்சின் இரு ஓரத்திலும் இரும்புக் குழாயை வளைத்துப் பதித்தாலே கைப்பிடியாகிவிடும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் முடிகிற வேலை. பெஞ்சின் நடுவிலும் ஒரு கைப்பிடி வைத்தால் நடுவில் உட்கார்ந்தவரும் ஊன்றி எழலாம். ஆனால் யாரும் படுத்துவிடக் கூடாது என்ற ஒரே நோக்கத்தோடு நடுக்கம்பி வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. இரவுப் பேருந்தைத் தவறவிட்டவருக்கும், திடீரென்று மயக்கம் வந்தவருக்கும் நீட்டிப் படுக்க ஒரு பெஞ்சாவது வேண்டும்.

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு, குன்னூர் ஆசிரியை அம்மாவைப் போன்ற ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மனுவை நீங்கள் கொடுங்கள்; எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் தன்னால் எழ முடியவில்லை என்பதை அவர் சொல்லட்டும்.